நிலைத்த பொருளாதாரமும் நிலமற்றோரும்: ஜே. சி. குமரப்பாவின் நூல் பற்றிய ஓர் இறையியல் திறனாய்வு

வேளாண்மையைப் பற்றித் திருச்சபை பேசும்பொழுது பெரும்பாலும் உழவரை நோக்கியே பேசுகிறது. இரசாயன உரத்தையும் பூச்சிக்கொல்லியையும் கைவிட்டு இயற்கை முறைக்குத் திரும்புமாறு அறுப்பின் பண்டிகைப் பிரசங்கங்களில் நாம் அறிவுரை கூறுகிறோம். அவ்வறிவுரை தவறன்று. ஆயினும், உழவர் அவ்வாறு பயிரிடுவதற்குக் காரணமாய் இருக்கும் உண்போரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அவ்வயலில் கூலிக்கு உழைப்போரைப் பற்றி அதனினும் குறைவாகவே பேசுகிறோம். இவ்விரு மௌனங்களையும் ஆராய்வதற்கு, தமிழ்க் கிறிஸ்தவராகிய ஜே. சி. குமரப்பா எழுதிய ‘எக்கானமி ஆஃப் பெர்மனென்ஸ்’, அதாவது நிலைத்த பொருளாதாரம், என்னும் நூல் நமக்குத் துணைபுரியும். முதல் மௌனத்தை அந்நூல் உடைக்கிறது. இரண்டாவது மௌனத்தை அது போதிய அளவு உடைக்கவில்லை. இதனைக் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடி வட்டாரத்து நிலத்தை முன்வைத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஆசிரியரும் நூலும்

குமரப்பா 1892ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் பிறந்தார். ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்பது அவருடைய முதற்பெயர். இலண்டனில் கணக்காய்வுத் துறையில் பயிற்சி பெற்று, பம்பாயில் அத்தொழிலை நடத்தி, பின்னர் அமெரிக்காவில் சிரக்கியூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் பயின்றார். 1929இல் காந்தியடிகளைச் சந்தித்தது அவருடைய வாழ்வின் திருப்பமாயிற்று. குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் அவர் நடத்திய பொருளாதார ஆய்வு சிற்றூர் வறுமையை எண்களோடு எடுத்துக்காட்டியது. 1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் பொறுப்பை ஏற்று நெடுங்காலம் வார்தாவில் உழைத்தார். இறுதி நாட்களை மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டியில் கழித்து, 1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் மறைந்தார்.

ஜபல்பூர் சிறையில் இருந்த காலத்தில் அவர் இரண்டு நூல்களை எழுதினார். ஒன்று இயேசு பெருமானின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. மற்றொன்று இப்பொருளாதார நூல். இதன் முதற்பகுதிக்குக் காந்தியடிகள் 1945இல் முன்னுரை எழுதினார். இரண்டாம் பகுதி சில ஆண்டுகள் கழித்து வெளிவந்தது. 1973இல் வெளியான ‘ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்’ நூலில் ஷூமாக்கர் குமரப்பாவை எடுத்தாண்டிருக்கிறார். எனினும் நம் இறையியல் மாணவருள் ஷூமாக்கரை அறிந்தவர் சிலர்; குமரப்பாவை அறிந்தவர் அவரினும் சிலர். ஒரே சிறையறையின் சூழலில் பிறந்த இரு நூல்களையும் சேர்த்தே படித்தல் வேண்டும். முதலாவதில் சீடத்துவம் என்று சொல்லப்படுவது, இரண்டாவதில் வரவுசெலவுக் கணக்காக விரித்துரைக்கப்படுகிறது எனலாம்.

2. நூலின் மையக் கருத்து

இயற்கையில் காணப்படும் வாழ்க்கை முறைகளைக் குமரப்பா ஐந்து படிகளாக வகுக்கிறார். பிற உயிரைக் கொன்று வாழும் புலியின் முறை முதற்படி. தான் நடாத மரத்தின் கனியைப் பறித்துத் தின்னும் குரங்கின் முறை இரண்டாவது. தன் உழைப்பால் கூடு கட்டும் பறவையின் முறை மூன்றாவது. கூட்டத்தின் நலனுக்காகச் சேகரிக்கும் தேனீயின் முறை நான்காவது. கைம்மாறு கருதாது குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவையின் தொண்டு முறை ஐந்தாவது. மனிதன் தன் விருப்பத்தின்படி இப்படிகளில் ஏறவோ இறங்கவோ வல்லவன் என்பது அவர் கொள்கை.

இதனோடு மேலும் இரு கருத்துகளை அவர் இணைக்கிறார். முதலாவது, எடுக்க எடுக்கக் குறையும் இருப்பையும், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஓட்டத்தையும் வேறுபடுத்திக் காண்பது. நிலக்கரியும் பெட்ரோலியமும் இருப்பைச் சேர்ந்தவை. காடும் கால்நடையும் மனித உழைப்பும் ஓட்டத்தைச் சேர்ந்தவை. இருப்பைச் சார்ந்த வாழ்வு போட்டியையும் போரையும் வளர்க்கும் என்று அவர் எச்சரித்தார். இரண்டாவது, வாழ்க்கைத் தரத்தை உயர்ந்தது என்றும் தாழ்ந்தது என்றும் பிரிப்பது பொருந்தாது. சிக்கலானது என்றும் எளியது என்றும் பிரிப்பதே பொருந்தும் என்பது. குறைவாக நுகர்வோரின் வாழ்வு தாழ்ந்த வாழ்வு அன்று என்னும் இக்கருத்து, வளர்ச்சியைப் பற்றிய நம் பேச்சு முழுவதையும் மறு ஆய்வுக்கு உட்படுத்துகிறது.

இவற்றின் பயனாக வேளாண்மை பற்றிய கேள்வியே மாறிவிடுகிறது. ஓர் ஏக்கரில் எவ்வளவு விளைவிக்கலாம் என்பதன்று அவருடைய முதற்கேள்வி. மக்களுக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும் என்பதே அவருடைய தொடக்கம். ஓர் இலட்சம் மக்களுக்குச் சமச்சீர் உணவும் உடையும் கிடைக்கத் தானியத்துக்கும் பருப்புக்கும் வெல்லத்துக்கும் காய்கறிக்கும் பருத்திக்கும் எத்தனை ஏக்கர் ஒதுக்க வேண்டும் என்று அவர் கணக்கிடுகிறார். சர்க்கரைக்கு வளமான நிலத்தைக் கரும்புக்கு விடுவதைவிட, பயிரேறாத நிலத்திலும் வளரும் பனையிலிருந்து வெல்லம் எடுப்பதே தகும் என்று அவர் வாதிட்டதும் இக்கணக்கினாலேயே. நுகர்வு முதலில் ஒழுங்குபட வேண்டும். உழவு அதனைப் பின்தொடரும் என்பதே நூலின் சாரம்.

3. கொடுமுடி நிலம் காட்டும் சான்று

இக்கருத்து எட்டு பத்தாண்டுகளுக்குப் பின்னும் நிற்குமா என்பதைக் கொடுமுடி வட்டாரத்தில் சோதித்துப் பார்க்கலாம். 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காலிங்கராயன் வாய்க்கால் பவானியில் தொடங்கி இப்பகுதி வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடி வந்து நெல்லுக்கும் கரும்புக்கும் மஞ்சளுக்கும் வாழைக்கும் நீர் தருகிறது. மேட்டுப்பாங்கான சிவகிரிப் பக்கம் கீழ்பவானிக் கால்வாயின் கடைப்பகுதி. அதற்கும் மேற்கே, காங்கயம், தாராபுரம் நோக்கிச் செல்லும் வறண்ட நிலங்களில் கொறங்காடு என்னும் பழைய மேய்ச்சல் நில முறை இன்றும் எஞ்சியிருக்கிறது. முள்கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர, காங்கயம் மாடுகள் அங்கே மேய்கின்றன. உழாமலும் உரமிடாமலும் ஓட்டத்தை மட்டுமே கொண்டு நடக்கும் பொருளாதாரத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைக் குமரப்பா தம் நூலுக்குத் தேடியிருக்க முடியாது.

அக்காங்கயம் மாடுகளே முன்பு கவலையில் பூட்டப்பட்டு ஆழ்கிணறுகளிலிருந்து நீர் இறைத்தன. கோயம்புத்தூரில் செய்யப்பட்ட மின்மோட்டார்கள் அவ்வேலையை ஏற்றுக்கொண்டன. மாட்டின் வேலை போயிற்று. பின் மாடும் குறைந்தது. மாட்டோடு எருவும் குறைந்தது. எரு இருந்த இடத்தை யூரியா நிரப்பியது. 1990 முதல் உழவர் அனைவருக்கும் மின்சாரம் இலவசமாகக் கிடைத்தபின் கிணறு இன்னும் ஆழமாயிற்று. அது வறண்ட இடங்களில் ஆழ்துளைக் குழாய் இறங்கியது. 2010இல் நடுவண் அரசு உர மானிய முறையை மாற்றியபோது யூரியாவின் விலை மட்டும் கட்டுப்பாட்டிலேயே நின்றது. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் விலையேறின. மலிவான தழைச்சத்தையே உழவர் மேலும் மேலும் இட்டதற்கு அவருடைய பேராசை காரணமன்று. மோட்டாரும் மின்சாரமும் மானியமும் அவருக்கு வெளியிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றும் அன்று நன்மையாகவே வந்தது என்பதையும் மறத்தலாகாது. கவலை ஓட்டிய உழைப்பின் கடுமையை அறிந்தவர் எவரும் மோட்டாரை இகழமாட்டார்.

உண்போரின் பங்கை வெல்லத்தில் காணலாம். கரும்புச் சாற்றை இயல்பாகக் காய்ச்சினால் வெல்லம் பெரும்பாலும் கருமை கலந்த பழுப்பு நிறம் கொள்ளும். ஆனால் வாங்குவோர் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தையே விரும்புகின்றனர். அந்நிறத்துக்காக ஆலைக் கொட்டகையில் ‘ஹைட்ரோஸ்’ எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டு சேர்க்கப்படுவதும், மலிவான வெள்ளைச் சர்க்கரை கலக்கப்படுவதும் உண்டு. உணவுப் பாதுகாப்புத் துறையினர் ஈரோடு, சேலம் மாவட்டங்களில் பலமுறை சோதனை நடத்திக் கலப்பட வெல்லத்தைக் கைப்பற்றியுள்ளனர். கலப்படம் செய்தவர் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. எனினும், கறுத்த வெல்லத்தைக் கடையில் ஒதுக்கிவைத்தவர் யார்? பொங்கலுக்கும் திருச்சபை விருந்துக்கும் மஞ்சள் வெல்லத்தையே தேடி வாங்கியவர் நாமல்லவா? கண்ணுக்கு இனியதைத் தெரிந்துகொள்ளும் இச்சை ஆதியாகமம் 3ஆம் அதிகாரத்திலேயே நமக்குச் சுட்டிக்காட்டப்பட்டிருக்கிறது.

உடையின் பங்கை நொய்யலாறு காட்டுகிறது. கொடுமுடிக்குத் தெற்கே காவிரியோடு கலக்கும் இவ்வாறு திருப்பூரைக் கடந்து வருகிறது. உலகெங்கும் அணியப்படும் பின்னலாடைகளின் சாயக்கழிவு ஆண்டுக்கணக்கில் அதில் விடப்பட்டது. பாசனத்துக்கென 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. உழவர்கள் வழக்காடினர். கழிவுநீரை முற்றிலும் சுத்திகரிக்கும் நிபந்தனை நிறைவேறாததால், சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. நொய்யற்கரை உழவர் எத்துணைத் தூய முறையில் பயிரிட விரும்பினும், மேலே இருப்போரின் உடை அவருடைய கிணற்றைக் கெடுத்தது. உழவரின் மனந்திரும்புதல் மட்டும் போதாது என்ற குமரப்பாவின் கருத்துக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

4. நூலின் குறைகள்

இவ்வளவும் நூலின் வலிமை. இனி அதன் குறைகளைக் காண்போம்.

முதலாவது, இயற்கையை அவர் அறநெறிப் படிக்கட்டாக்குவது முழுதும் ஏற்கத்தக்கதன்று. புலிக்குக் கீழ்ப்படியும் தாய்ப்பறவைக்கு மேற்படியும் கொடுப்பது உவமை என்ற அளவில் பயன்படும். மெய்ம்மை என்ற அளவில் பயன்படாது. யோபு நூலின் இறுதி அதிகாரங்களில் சிங்கத்துக்கும் காக்கைக்கும் இரை அளிப்பவர் கடவுளே. புலியிடம் பாவம் இல்லை. படைப்பு முழுவதும் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது என்று ரோமர் 8ஆம் அதிகாரத்தில் பவுலடிகள் சொல்லுவதன் ஆழம் இந்நூலில் இல்லை. இதனால் மற்றொரு குறையும் நேர்கிறது. மேற்படிக்கு ஏறும் ஆற்றல் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு, தனிமனிதனின் தன்னடக்கத்திலிருந்து என்பதே அவருடைய விடையாக நிற்கிறது. ஒரு கூட்டத்தாருக்குள் ஒருவர் மட்டும் அடங்கி நடப்பின், அவர் விட்டதைப் பக்கத்து வயற்காரர் எடுத்துக்கொள்வார். ஆழ்துளைக் கிணறு உள்ள ஊர்களில் இது அன்றாட அனுபவம்.

இரண்டாவது குறை பெரிது. இந்நூலின் வயலில் உழவரும் மாடும் நிலமும் தெளிவாகத் தெரிகின்றனர். நிலமற்ற கூலியாளர் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. கொங்குநாட்டின் பழைய வேளாண்மையை நாம் ஓட்டப் பொருளாதாரம் என்று புகழும்போது, அக்கவலையை ஓட்டியவரும் அவ்வெருவைச் சுமந்தவரும் யார் என்று கேட்க வேண்டும். அவருள் பெரும்பகுதியினர் அருந்ததியர். ஆண்டுக் கூலிக்குப் பண்ணையாளாய்க் கட்டுண்டு, தாம் உழுத நிலத்தில் ஒரு சாணும் தமதென்று சொல்ல இயலாதிருந்தவர். இப்பகுதிச் சபைகள் பலவற்றில் ஆராதிப்போர் அவர்தம் பிள்ளைகளே. மண்ணுக்கு நன்மை செய்த அம்முறை மனிதருக்கு நன்மை செய்ததா என்ற வினாவை அவர்கள் எழுப்பினால் நாம் என்ன விடை சொல்லுவோம்? இன்றும் இவ்வினா மறையவில்லை. களைக்கொல்லியைக் கைவிட்டால் களையைக் கையால் பறிக்க வேண்டும். அக்கை பெரும்பாலும் நிலமற்ற பெண்ணின் கை. அவளுடைய கூலி உயராமல் அவளுடைய முதுகு மட்டும் வளையுமாயின், அவ்விளைபொருளை நஞ்சற்ற உணவு என்று அழைப்பது அரை உண்மையே ஆகும்.

இவ்விடத்தில் குமரப்பாவுக்கு நாம் நீதி செய்தல் வேண்டும். விடுதலைக்குப்பின் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவரே தலைவராயிருந்தார். 1949இல் வெளியான அக்குழுவின் அறிக்கை உழுபவனுக்கே நிலம் என்னும் கொள்கையை ஏற்றது. ஒரு குடும்பம் வாழப் போதிய நிலத்தைப்போல் மும்மடங்குக்கு மேல் எவரும் வைத்திருத்தலாகாது என்று பரிந்துரைத்தது. கைம்பெண், சிறுவர், உடல் குறையுற்றோர் போன்றோரைத் தவிர மற்றவர் நிலத்தைக் குத்தகைக்கு விடுவதை மறுத்தது. நூலில் விடுபட்ட அதிகாரம் அவ்வறிக்கையில் இருக்கிறது எனலாம். ஆனால் நூல் மட்டுமே போற்றப்படுகிறது. எளிய வாழ்வைப் பற்றிய போதனை நிலமுடையோருக்கு இனிதாகிறது. நில உச்சவரம்பைப் பற்றிய பரிந்துரை இனிதாவதில்லை. வயலோடு வயலைச் சேர்ப்போரைக் குறித்து ஏசாயா 5ஆம் அதிகாரத்தில் தீர்க்கர் உரைத்த கண்டனத்தையும் நாம் இவ்வாறே அரிதாகப் பிரசங்கிக்கிறோம்.

மூன்றாவது, மாற்றத்துக்கு வேண்டிய காலத்தையும் அதன் செலவையும் பற்றி நூல் போதிய அளவு சொல்லவில்லை. இலங்கை அரசு 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. போதிய எரு இல்லை, பயிற்சி இல்லை, முன்னறிவிப்பும் இல்லை. நெல்லும் தேயிலையும் பெரிதும் குறைந்தன. நவம்பரில் அரசு பின்வாங்கியது. அத்தவற்றின் விலையைக் கொடுத்தவர் சிறு உழவரும், மலையகத் தோட்டத் தொழிலாளரும், அரிசி வாங்கி உண்ணும் ஏழைகளுமே. நோக்கம் நல்லதாயிருந்தும் பளு எளியோர்மேல் சுமத்தப்பட்டால் அது மனந்திரும்புதல் ஆகாது.

இதற்கு மாறான வழியைத் தமிழகத்தில் காட்டியவர் கோ. நம்மாழ்வார். கோவில்பட்டி அரசு ஆய்வுப் பண்ணையின் பணியை 1969இல் துறந்த அவர், 2013 டிசம்பர் 30இல் மறையும்வரை ஊர் ஊராக நடந்தார். கரூர் மாவட்டக் கடவூர்ப் பகுதியில் வானகம் என்னும் பண்ணையைப் பயிற்சிக்களமாக அமைத்தார். ஆணையால் அன்று, கூடிக் கற்பதால் மாற்றம் வரும் என்பது அவர் வழி. 2023 மார்ச்சில் தமிழக அரசு இயற்கை வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டதற்குப் பின்னணியில் இத்தகையோரின் நெடிய உழைப்பு உண்டு. ஆயினும் அவ்வழியிலும் இடைக்காலம் ஒன்று இருக்கிறது. இயற்கை விளைபொருள் என்ற சான்றிதழ் பெற ஓராண்டுப் பயிருக்கு 2 ஆண்டும், தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு 3 ஆண்டும் காத்திருத்தல் வேண்டும். அக்காலத்தில் விளைச்சல் குறையலாம், விலையோ உயராது. அந்த இழப்பை யார் ஏற்பது என்பதே இன்றைய மெய்யான கேள்வி.

5. திருமறை நோக்கு

இம்மூன்று குறைகளுக்கும் விடை திருமறையின் ஓய்வுச் சட்டத்தில் இருக்கிறது. யாத்திராகமம் 23ஆம் அதிகாரத்தில் ஏழாம் ஆண்டு நிலத்துக்கு ஓய்வு கட்டளையிடப்படும்போது, அதில் தானாய் விளைவதை ஏழைகள் உண்ணவும், அவர்கள் விட்டதைக் காட்டு விலங்குகள் உண்ணவும் வேண்டும் என்று கூறப்படுகிறது. அடுத்த வசனத்திலேயே ஏழாம் நாள் ஓய்வு எருதுக்கும் கழுதைக்கும் அடிமைப்பெண்ணின் மகனுக்கும் அந்நியனுக்கும் உரியதாகிறது. மண், விலங்கு, உழைப்பாளர் ஆகிய மூன்றையும் ஒரே கட்டளை காக்கிறது. லேவியராகமம் 25 இதனை யூபிலியோடு இணைத்து, நிலம் கடவுளுடையது, நாம் குடியிருப்போர் மட்டுமே என்று நிலைநாட்டுகிறது. மன்னாவைப் பற்றிய யாத்திராகமம் 16ஆம் அதிகாரமும் இதனையே கற்பிக்கிறது: மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதியில்லை, மறுநாளுக்குப் பதுக்கியது புழுத்தது.

இங்கே குறைந்த நுகர்வு தனிமனிதரின் புண்ணியம் அன்று. அருளால் மீட்கப்பட்ட ஒரு மக்கட்கூட்டத்தின் பொதுச்சட்டம். இத்தகைய சட்டம் நடைமுறைக்கு ஒவ்வாது என்பார்க்குக் கீழ்பவானிப் பாசனமே விடை தரும். அதன் 2 இலட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் ஆயக்கட்டு முழுவதற்கும் ஒரே போகத்தில் நீர் விடப்படுவதில்லை. ஒற்றைப்படை, இரட்டைப்படை மதகுகள் என்று பாதிபாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நன்செய்ப் பயிருக்கும், மறுபாதிக்கு அடுத்த பருவத்தில் புன்செய்ப் பயிருக்கும், முறை மாற்றி நீர் வழங்கப்படுகிறது. ஒருவர் முறைக்காகக் காத்திருத்தல் மற்றவரின் பயிராகிறது. அறநெறியைத் தனியார் மனச்சாட்சிக்கு விடாமல் மதகில் எழுதிவைத்த ஏற்பாடு இது. கொடுமுடி வட்டாரத்து உழவர் ஓய்வுச் சட்டத்தின் ஒரு கூற்றை முன்பே பழகியிருக்கிறார்கள்; அதை நமக்கே அவர்கள் கற்பிக்கக்கூடும்.

6. திருச்சபையின் கடமை

ஆகவே, பிரசங்கத்துக்கு முன் நம் கணக்கேடுகளைத் திருத்துவது முறை. சபைக்குச் சொந்தமான நிலம் எங்கே ஆண்டுதோறும் அதிகத் தொகை கேட்பவருக்கு ஏலம் விடப்படுகிறதோ, அங்கே குத்தகைதாரர் மண்ணைப் பேணுவதற்கு வழியே இல்லை. அடுத்த ஆண்டு தமக்குக் கிடைக்குமா என்று அறியாத நிலத்தில் எவர் எருவைக் கொட்டுவார்? நீண்டகாலக் குத்தகை, மாற்றக்காலமாகிய முதல் மூன்று ஆண்டுகளுக்குக் குத்தகைக் குறைப்பு, நிலமற்ற சபையாரின் குழுக்களுக்கு முன்னுரிமை ஆகிய மூன்றையும் ஆயர் ஆலோசனைக் கூட்டத்தில் முன்வைக்கலாம். இழப்பின் ஒரு பகுதியைச் சபை ஏற்கும்போதுதான் அதன் அறிவுரைக்கு மதிப்பு உண்டாகும்.

அசன விருந்துக்கு வாங்கும் அரிசியையும் வெல்லத்தையும் எண்ணெயையும் மாற்றக்காலத்தில் இருக்கும் அண்டை உழவரிடம் நியாயமான விலைக்கு முன்கூட்டியே பேசி வாங்கலாம். வெல்லம் கறுத்திருக்கட்டும். விருந்தின் அளவையும் உடையின் ஆடம்பரத்தையும் குறைத்தால் அவ்விலைக்கு வேண்டிய பணம் அதிலேயே கிடைக்கும். களை பறிக்கும் பெண்ணுக்கு அவ்வுழவர் கொடுக்கும் கூலி என்ன என்பதையும் வாங்கும்போதே கேட்டறிதல் வேண்டும். இறையியல் கல்லூரிகளில் படைப்பைப் பற்றிய பாடத்தில் குமரப்பாவின் சிறை நூல்கள் இரண்டையும், 1949ஆம் ஆண்டு அறிக்கையோடு சேர்த்துக் கற்பித்தல் நன்று. அறிக்கையை விட்டு நூலை மட்டும் கற்பிப்போமாயின், எளிமையை எளியோருக்கே போதிக்கும் பழைய பிழையில் நாம் விழுவோம்.

குமரப்பா நம்மில் ஒருவர். உண்போரைக் கேள்வி கேட்க அவர் நமக்குக் கற்றுத்தந்தார். உழைப்போருக்கு இடம் தரும் பணியை அவருடைய நூல் முடிக்கவில்லை. அவருடைய அறிக்கை தொடங்கிவைத்தது. தொடங்கப்பட்ட அப்பணி நம் சபைகளின் நிலங்களிலும் சமையற்கூடங்களிலும் தொடரப்பட வேண்டும்.